பன்னிரண்டு அங்குலக் குழாய்

மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். "புகை நிக்கிற வரைக்கும் மக வீட்டுலதான் இருப்பேன்" என்று நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதினோரு நாள். இருமல் தேவலையா?

தகர வேலைக்காரர் வந்து, ஓய்வு பெற்றபின் வீட்டின் கீழே நான் போட்ட கொல்லுலையைப் பார்த்தார். நான் ஆலையில் முப்பது வருஷம் இரும்பு அடித்தவள் என்றதும் சிரித்துவிட்டார். "ஏம்மா, சமையல்கட்டுக்கு மாட்டுற ஆறு அங்குலப் புகைக்குழாயைப் போயி நிலக்கரி உலைக்கு மாட்டியிருக்கீங்களே!" பன்னிரண்டு அங்குலமாவது வேண்டுமாம். அகலம் இரண்டு மடங்கானால் புகைக்கு வழி நாலு மடங்கு. எனக்கே தெரிந்த கணக்குதான். கடையில் ஆறுதான் இருந்தது. அவசரக்குடுக்கை, வாங்கி மாட்டிவிட்டேன்.

அது போதாதென்று இரண்டு வளைவு. குழாயை நேராக விட்டால் மாடியில் உங்கள் தையல் அறைக்குள் நுழையும். உங்களுக்குப் பயந்துதான் சுவரைச் சுற்றி விட்டேன். இப்போது என்ன செய்யட்டும்?

உங்கள் மனைவி

மார்ச் 9

பட்டறைக்காரிக்கு,

இருமல் பாதி குறைந்தது. மகள் மருந்தோடு புத்திமதியும் ஊற்றுகிறாள்.

அளக்காமலா வாங்கினாய்? ஒரு தையல்காரனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தி என்னதான் கற்றாயோ!

என் அறையை உடைத்துக்கொள். ஆனால் நடுவில் வேண்டாம். உலையை மூலைக்கு நகர்த்து. குழாய் மூலையில் ஏறட்டும். துணி கிடக்கிற அறை, அதனால் சூடு தாவாமல் குழாய்க்கு இரட்டை உறை போடச் சொல். வெட்டும் மேஜையை ஜன்னல் பக்கம் தள்ளிவிடு. குழாய் கூரை முகட்டைத் தாண்டி மூன்று அடி நிற்கட்டும், இல்லாவிட்டால் காற்று புகையைத் திருப்பி அடிக்கும். மகளின் கணவர் சொன்னார்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 24

அன்புள்ள உங்களுக்கு,

முடிந்தது! முதலில் குழாய்க்குள் காகிதத்தைக் கொளுத்திச் சூடேற்றினேன். பிறகு நிலக்கரி. புகை அப்படியே மேலே போய்விட்டது. உங்கள் வெள்ளைச் சட்டையை உலைக்குப் பக்கத்தில் காலை முழுக்கத் தொங்கவிட்டேன். ஒரு பொட்டுக் கரி இல்லை. நீங்கள் வந்தே பார்க்கலாம். சனிக்கிழமை வருவீர்களா?

உங்கள் மனைவி

ஏப்ரல் 12

பட்டறைக்காரிக்கு,

மூன்று வாரமாகப் பதில் போடாமல் இருந்துவிட்டேன். புகை போய்விட்டது என்று படித்ததும் சந்தோஷம் வரவில்லை. இனிமேல் வராமல் இருக்க என்ன சாக்குச் சொல்வேன்?

இருமல் நிஜம்தான். கொஞ்சம் கூட்டியும் இருமினேன். நீ ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கலாம் என்று நாள் எண்ணிக் காத்திருந்தவன் நான். நீயோ காலையில் உலைக்குப் போனால் சாப்பாட்டுக்குத்தான் தலை காட்டினாய். ஒருநாள் இடுக்கி பிடிக்கலாமே என்று ஆசையாக வந்தேன். "போங்க அந்தப் பக்கம், குறுக்க நிக்காதீங்க" என்றாய். மாடிக்குப் போய் அழுதேன். இந்த வயதில் இதை யாரிடம் சொல்வது?

வந்தால் மறுபடியும் மாடியில் தனியாகத்தானா? அதை மட்டும் சொல்.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 16

அன்புள்ள உங்களுக்கு,

படித்துவிட்டு அன்றைக்கு உலை மூட்டவில்லை. பொறி உங்கள் மேல் விழுந்துவிடப் போகிறதே என்ற பதற்றத்தில் கத்தியது அது. அப்புறமாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடுங்கள். தனியாக இருக்க எனக்கும் பிடிக்கவில்லை.

உலைக்கு வலது பக்கம், பொறி வராத தூரத்தில், உங்களுக்கு ஓர் இரும்பு நாற்காலி அடித்துக்கொண்டிருக்கிறேன். முதுகும் கைப்பிடியும் ஆயிற்று. கால்தான் பாக்கி. அதற்கு உங்கள் முழங்கால் உயரம் வேண்டும். எழுதி அனுப்பாதீர்கள், உயரம் என்றாலே நீங்கள் ஓர் அங்குலம் கூட்டித்தான் சொல்வீர்கள். நேரில் வாருங்கள், நானே அளந்துகொள்கிறேன்.

உங்கள் பட்டறைக்காரி