சராசரி ரத்தம்

பாப்பாவின் அப்பாவுக்கு அன்பும் வணக்கமும்.

இருவரும் சுகம்தானே? உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் ஆபீஸில் ஒரு கூத்து. ஆஸ்பத்திரிப் பதிவுகளில் ஒவ்வொரு ரத்த வகைக்கும் ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்திருந்தார்கள். நான் அவற்றைக் கூட்டி வகுத்து, சராசரி ரத்த வகை 2.3 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்த ரத்தத்தை யாருக்கும்மா ஏத்துறது?" என்றார். ஆபீஸே சிரித்தது, நானும்தான். பயப்படாதீர்கள், வேலைக்கு ஆபத்தில்லை.

ரத்த வகை என்பது எண் வேஷம் போட்ட பெயர், அவ்வளவுதான். நோயாளிகள் சொல்லும் 'மோசம்', 'பரவாயில்லை', 'நல்லா இருக்கேன்' வேறு ரகம்: எது மேல் என்று தெரியும், எவ்வளவு மேல் என்று தெரியாது. கூட்டிக் கழிக்க உயரம், எடை மாதிரி அளந்த எண் வேண்டும்.

அதனால் பாப்பா "நல்லா வளந்துட்டா" என்று இனி எழுதாதீர்கள். சுவரோரம் நிறுத்தி அளந்து, சென்டிமீட்டரில் எழுதுங்கள். கிளம்பும்போது அளந்த உயரம் என்னிடம் இருக்கிறது. நான் பார்க்காத வளர்த்தி எவ்வளவு என்று கழித்துப் பார்க்க வேண்டும்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தீர்களே? இதுவரை உங்களிடம் சொல்லவில்லை, வேலைக்காக இந்த ஊருக்கு வந்த புதிதில் 'மோசம்'. இப்போது 'பரவாயில்லை'. எவ்வளவு ஏறினேன் என்று அளக்க முடியாது; ஆனால் ஏறியிருக்கிறேன்.

ஆபீஸ் போகும் பஸ் வந்துவிட்டது, மீதி அடுத்த கடிதத்தில்.

பாப்பாவின் அம்மா