என்னை எடுத்தது விம்பிள்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்துவிட்டதா?

இந்த வீட்டில் என்னோடு இருப்பவர்களோடு என் பொறுமை போய்விட்டது அம்மா. இங்குள்ள தமிழ் உதைபந்தாட்டப் போட்டிக்கு ஒவ்வொரு பகுதி அணியும், பெயர் கொடுத்தவர்களிலிருந்து முறைவைத்து ஒவ்வொருவராகத் தெரிவு செய்யும். எங்கள் பகுதியான செவன் கிங்ஸின் அணி யாரை எடுக்க வேண்டும் என்று, என்னோடு தங்கியிருக்கும் லோகன் அண்ணைக்கும் ஹரிசனுக்கும் ஒரு கிழமையாகச் சண்டை. சோறு அடிப்பிடித்தாலும் அடுப்பை அணைக்க ஆளில்லை.

"அண்ணை, நானும் பேர் குடுத்திருக்கிறன்," என்றேன்.

"ஓம் ஓம், பாப்பம். முதல்ல அந்தச் சோத்தை இறக்கு," என்றார் லோகன் அண்ணை.

பயிற்சி ஆட்டத்தில் என்னைப் பார்த்த விம்பிள்டன் பகுதி அணிக்காரர் முதல் ஆளாக என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது இவர்கள், "இவ்வளவு நல்லா விளையாடுவாய் எண்டு ஏன் சொல்லேல்லை?" என்று என்னையே ஏசுகிறார்கள். சொன்னபோது யார் கேட்டது?

அடுத்த மாதம் முதல் ஆட்டமே செவன் கிங்ஸோடுதான். என் பழைய பூட்ஸை அனுப்பிவிடுங்கள். இங்கேயும் வாங்கலாம், என்றாலும் அனுப்புங்கள். ஆட்டத்தை இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்களாம். தங்கச்சியின் போனில் கட்டாயம் பாருங்கள். இந்த வீட்டில் எல்லோரும் எதிர்ப்பக்கம். எனக்காகக் கத்த ஒருவராவது வேண்டும்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்,
சஞ்சயன்