நாற்பது பவுண்டு கோழித்தீவனம்

அன்பு மகள் இங்க்ரிட்டுக்கு,

உன் அப்பாவின் இடது கால் நீங்கலாக இங்கே எல்லாரும் நலம். போன கடிதத்தில் நீ, பட்டாளப் பயிற்சியில் ஓடும்போது முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் குத்துகிறது, விரல் வைத்தாலே உயிர் போகிறது, ஆனால் பயிற்சி சார்ஜென்டிடம் சொன்னால் கூட்டத்திலிருந்து பிரித்து அடுத்து வரும் கூட்டத்தோடு பின்னால் தள்ளிவிடுவார்கள், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதை நான் சாப்பாட்டு மேசையில் வாசித்ததுதான் தப்பு. உன் அப்பா உருளைக்கிழங்கை விழுங்கிவிட்டு, "எங்க காலத்துல மூட்டையத் தூக்குன்னா தூக்குவோம், நடன்னா நடப்போம். இப்பத்துப் பிள்ளைங்களுக்கு எலும்புக்குப் பதிலா வெண்ணெய்தான் இருக்கு" என்றார். "அப்ப நடந்து காட்டு, ரோலண்ட்" என்று நான் சொன்னது இரண்டாவது தப்பு.

மறுநாளே நாற்பது பவுண்டு கோழித்தீவனத்தை உன் பழைய பள்ளிக்கூடப் பையில் அடைத்து முதுகில் மாட்டிக்கொண்டு, பரணில் கிடந்த தன் பழைய பட்டாளத்து பூட்ஸையும் போட்டுக்கொண்டு சர்ச் வரைக்கும் போய்த் திரும்பினார். ஆறு மைல், தினமும். முதல் வாரம் நாயும் கூடப் போனது, இரண்டாவது வாரம் இவர் பூட்ஸை எடுத்தாலே அது கண்ணை மூடிக்கொண்டது. பக்கத்துப் பண்ணை வெர்ன் வண்டியை நிறுத்தி, "என்ன ரோலண்ட், டோரீன் உன்னை வீட்டை விட்டுத் துரத்திட்டாளா? எங்க மாடி அறை காலியாத்தான் கிடக்கு" என்றானாம். மூன்றாவது வாரம் இவர் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க ஆரம்பித்தார். கேட்டால், அது ஆடுகிறதா என்று பார்த்தாராம். கடைசியில் சர்ச் வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் வெர்னின் வண்டியில்தான் வந்து இறங்கினார், மடியில் தீவன மூட்டையோடு.

டாக்டர் நீல்சன் அம்மாள் இரண்டு காலையும் எக்ஸ்ரே எடுத்தார். இடது காலில் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் ஸ்கேன் எடுத்தபோது தலைமுடி அளவு விரிசல். எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள அவகாசம் தராமல் அதே இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தால் இப்படித்தான் ஆகும், புதிதாகப் படையில் சேர்ந்த பிள்ளைகளுக்கு நிறைய வரும் என்றார். பிறகு வலது காலின் படத்தைத் தூக்கிப் பிடித்து, "இது எப்ப உடைஞ்சுது? முழுசா ரெண்டாப் போய் ஒட்டியிருக்கே" என்று கேட்டார். உன் அப்பா சுவரிலிருந்த காலண்டரை வெகுநேரம் படித்தார். "பயிற்சியிலதான். வலிக்குதுன்னு சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல. ஒருநாள் ஓடிக்கிட்டு இருக்கும்போதே கிளை முறியற மாதிரி சத்தம் கேட்டுச்சு" என்றார். இருபத்தேழு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன், எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். கோபம் வரவில்லை, இங்க்ரிட். பத்தொன்பது வயதில் யாரிடமும் சொல்லாமல் அந்த வலியோடு ஓடியிருக்கிறாரே என்றுதான் இருந்தது.

அதனால் இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே டாக்டரிடம் போய்க் காலைக் காட்டு. பின்னால் தள்ளினால் தள்ளட்டும், சேர்ந்து வந்தவர்கள் முன்னால் போனாலும் உன் கால் உன்னோடுதான் வர வேண்டும். பாலை மிச்சம் வைக்காதே. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். கடவுள் உன்னைக் கைவிட மாட்டார், முழுக்காலோடு வீடு வந்து சேர்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா டோரீன்

பி.கு.: இதையெல்லாம் உனக்கு எழுதவே கூடாது என்று அப்பா இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். இன்று காலை தானே நொண்டிக்கொண்டு வந்து, "எழுது, அவ கால்தான் முக்கியம். என்னை அஞ்சு வாரம் பின்னால தள்ளி வச்சாங்கன்னு எழுது" என்றார். டாக்டர் அம்மாளிடம் அவர் சொன்ன கணக்கு பதினாறு வாரம்.