எங்கே இருக்கிறாய் என்று கேட்காத வெள்ளி

9-1-2009, வெள்ளி

காலையிலிருந்து விடாத மழை. அஜ்மானில் இப்படி மழை அபூர்வம். லாண்டரி வாசலில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். இஸ்திரிக்கு வந்த கந்தூராக்கள், அரபிகளின் நீள அங்கிகள், அப்படியே மூட்டையாக.

பகலில் மகன் போன். குமரேசன். வெல்டர். முன்பு இந்த ரூமில் என் கட்டிலுக்கு மேல்கட்டில் அவனுடையது. ஏஜெண்ட் பேச்சை நம்பி அமெரிக்கா போனான், கப்பல் பட்டறைக்கு. குடும்பத்தோடு நிரந்தரமாக இருக்க விசா என்றார்கள். கிடைத்தது பட்டறைக்குள்ளேயே ஒரு கேம்ப், வாசலில் காவல். வெளியேறினான், அதோடு விசாவும் போயிற்று. கூட இருந்தவர்களோடு சேர்ந்து கம்பெனி மேல் கேஸ் போட்டிருக்கிறான். அந்த நாட்டு மத்திய அரசுக் கோர்ட்டில்.

இப்போது கம்பெனி வக்கீல்கள் ஒன்று கேட்கிறார்களாம். கேஸ் போட்ட ஒவ்வொருவனும் இன்று எங்கே இருக்கிறான், எங்கே வேலை, என்ன விசா, எல்லாம் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் ஜட்ஜ் முடிவு.

"சொல்லணும்னு வந்துட்டா கேஸ்லேர்ந்து பேர எடுத்துருவேம்ப்பா. நம்பரையும் மாத்திருவேன். ரொம்ப நாளைக்குப் பேச முடியாது."

"அது கெடக்கட்டும், இப்ப எங்கடா இருக்க?"

லைன் போய்விட்டது. போன வாரமும் இதே கேள்வியில்தான் போனது.

12-1, திங்கள்

வெயில். சட்டைக் காலர் ஒன்று தீய்ந்தது. என் கவனக்குறைவு.

ரூமில் ஷாஜகானிடம் சொன்னேன். கீழக்கரைக்காரர், டைப்பிங் சென்டரில் வேலை. முன்பு கூட்டாளி ஒருவனின் சம்பள விவகாரத்துக்கு இங்கே லேபர் கோர்ட்டுக்குத் துணைக்குப் போயிருக்கிறேன். கவுண்டரில் முதல் பேச்சே "பத்தாக்கா எங்கே?" லேபர் கார்டு. எந்த ஊர்க் கோர்ட்டும் அதைத்தானே முதலில் கேட்கும்?

"அண்ணே, நமக்கு மாதிரி விசாவக் கையில வச்சிருக்குற கஃபீல் அங்க ஜட்ஜுக்குக் கெடையாது."

"ஆமா, நீரு போயிப் பாத்தீரு!"

சிரிப்பு. சாம்பாரில் உப்பு அதிகம். இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மருமகள் மலர் ஊரிலிருந்து போன். "மாமா, எங்க இருக்காராம்? ஒங்ககிட்டயாவது சொன்னாரா?" பாவம். இல்லை என்றேன்.

15-1, வியாழன்

பொங்கல் நேற்றே போய்விட்டது. டியூட்டி.

முடிவு வந்துவிட்டது! தன் வக்கீல் அனுப்பிய மெயிலை கு. ஷாஜகானுக்கு அனுப்பியிருக்கிறான். அவர் படித்துச் சொன்னார். அந்தக் கேள்விகளைக் கேட்கவே கூடாது என்று ஜட்ஜ் உத்தரவு. கேஸ் அன்றைக்குக் கேம்பில் நடந்ததைப் பற்றி. இன்றைக்கு அவன் எங்கே இருந்தால் என்ன? கேட்டால் பயந்து ஒவ்வொருவனாக விலகிப் போவான், அப்புறம் நடந்ததைச் சொல்ல ஆள் இருக்காது என்று எழுதியிருக்கிறாராம்.

நம்பவில்லை. திரும்பப் படிக்கச் சொன்னேன்.

"அதேதாண்ணே இருக்கு. நானா சேத்து எழுதுறேன்?"

ஜட்ஜ் ஒரு பெண். பெற்ற பிள்ளை உண்டோ என்னவோ. என் மகன் முகம் பார்க்காமலே அவன் பயம் அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்கிறது. எனக்குப் புரியவில்லை. வாரம் தவறாமல் கம்பெனி வக்கீல் மாதிரி கேட்டிருக்கிறேன்.

மலருக்குப் போன். "இனிமே அவன எங்கன்னு கேக்காத தாயி."

"வேற என்னத்தக் கேக்குறது மாமா?"

"சாப்ட்டியான்னு கேளு."

16-1, வெள்ளி

குளிர். பகலில் கு. போன். கேஸில் இருக்கிறானாம், விலகவில்லை. அப்பாடா.

மத்தி மீன் விலை பேசினோம். ஷாஜகானின் குறட்டை பற்றி. கு. அங்கே வைத்த ரசம் பற்றி. பழைய கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். லைன் இருந்தது.

"என்னப்பா, இன்னிக்கு ஒண்ணுமே கேக்கல?"

"என்னத்தடா கேக்க. ஒன் கொரலு கேக்குது, போதும்."

மூக்கை உறிஞ்சினான். ஜலதோஷமா, அழுகையா, தெரியவில்லை. அப்புறம் அவனாகவே ஊர் பேரைச் சொன்னான். தெருவையும். வாசலில் முழங்கால் வரை பனியாம்.

இங்கே எழுதவில்லை, மனதில் இருக்கிறது. காதை மூடித் தொப்பி போடச் சொன்னேன். சரிப்பா என்றான்.