சின்னக் கல்லுதானே என்ற அக்காவுக்கு

என் ஆசை அக்காவுக்கு,

நீ போன பிறகும் இங்கே தீபாவளி சீசன் நிற்கவில்லை. ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனி வேன் தினமும் வருகிறது. உன் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்து வருகிறாள். அவளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாவம், அவள் என்ன செய்வாள்?

என் கோபமெல்லாம் உன் மேல்தான். கர்ப்பப்பைக்கு ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், பித்தப்பையில் சின்னச் சின்னக் கல் இருப்பது தெரிந்தது. சாத்தூர் டாக்டரம்மா என்ன சொன்னார்? "வலி இல்லாதவரைக்கும் ஒண்ணும் செய்ய வேண்டாம். சாப்பிட்டதும் வலது விலாவுல வலிச்சா வந்து காட்டுங்க. காய்ச்சல் வந்தாலோ கண்ணு மஞ்சளானாலோ அன்னைக்கே ஓடி வரணும்." நீ முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாய்.

வலி வந்தது. எண்ணெய்ப் பரோட்டா தின்ற அன்றெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டாய். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "சின்னக் கல்லுதானடி, வாழத்தண்டுச் சாறுல கரைஞ்சிரும்" என்றாய். அது சிறுநீரகக் கல்லுக்குக் குடிப்பது, அக்கா. பித்தப்பைக் கல்லை அது என்ன செய்யும்?

அப்புறம் கண் மஞ்சளானது. அத்தான் பார்த்துவிட்டு, "மருந்துத் தூசியா இருக்கும், மூஞ்சியக் களுவு" என்றார். பட்டாசுக்குள் திணிக்கிற பொடிக்கும் நம் ஊரில் மருந்து என்றுதானே பேர்? அதிலிருக்கும் கந்தகம் மஞ்சள்தானே? நீயும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வேன் ஏறினாய். அடப்பாவிகளா! கண்ணுக்குள் ஏறிய மஞ்சள் சோப்பில் போகுமா?

மதுரைக்குக் கொண்டுபோனபோது கல் நழுவிப் பித்தக் குழாயை அடைத்து, கணையம் கெட்டுப்போயிருந்தது. "பெரிய கல்லு பெரும்பாலும் இருந்த இடத்துலயே கெடக்கும். சின்னதுதான்மா நழுவும்" என்றார் அங்கிருந்த டாக்டர். ஊக்கு உரசினால்கூடப் பொறி வரும் என்று வளையல், கொலுசு எல்லாம் கழற்றி வைத்துவிட்டு மருந்து அறைக்குள் போகிறவள் நீ. சின்னதுக்குப் பயப்பட உனக்கா தெரியாது?

இப்போது அந்த வேனில் வேலைக்குப் போகிற உன் மகள் கனகாவுக்கும் அதே விலா வலி, ஸ்கேனில் அதே கல். பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்று மதுரையில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அத்தான் நேற்று என்ன சொன்னார் தெரியுமா? "சின்னக் கல்லுதான, சீசன் முடியட்டும்." உன் படத்துக்கு மாலை போட்ட மனுஷன், அக்கா! வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன்.

நாளைக் காலையில் வேன் வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். அடிக்கட்டும். கனகாவை நான் மதுரைக்கு பஸ் ஏற்றுகிறேன். திரும்ப வீட்டுக்கே கூட்டிவருவேன். உன்னிடம் அனுப்ப மாட்டேன்.

உன்னைத் திட்டித் தீராத தங்கச்சி,
முத்துமாரி