ஆறும் ஒம்போதும்

காசிமேடு,
வெள்ளிக்கிழமை

மவராசன் தம்பி பொன்ராஜுக்கு, கூடப் பொறந்த அக்கா புஷ்பவல்லி சிரிச்சிக்கினே எழுதுறது. இங்க நாங்க சொகம். அங்க காக்கிநாடாவுல உன் வலை மூணு தரம் கல்லுல மாட்டிக் கிழிஞ்சதா கேள்விப்பட்டு ரொம்ப சந்தோசம்.

உன் நம்பரை நான் பிளாக் பண்ணி வச்சதால, ஐஸ் லாரி இக்னேஷியஸ் கையில சீட்டு குடுத்தனுப்பிச்சிருக்க. நோட்டுல கீற பாயிண்டை ஜிபிஎஸ்ல போட்டா மீனைக் காணோம், கல்லுதான் கீது, இன்னாக்கா இதுன்னு கேட்டிருக்க. எந்த நோட்டுப்பா? உன் மாமா, என் வூட்டுக்காரரு மண்டையைத் தொறந்து கட்டி எடுத்த அன்னிக்கு, நான் ஆஸ்பத்திரி வாசல்ல குந்திக்கினு இருந்தப்போ, மாமா கேட்டாருன்னு பொய் சொல்லி என் பொண்ணு கீர்த்திகிட்ட வாங்கிக்கினு போனியே, அதுவா?

மாமா இருபது வருசம் கடல்ல பார்த்து வச்ச மீனு எடமெல்லாம் அதுல கீது. அவரு சொல்லச் சொல்ல எழுதினது நானு. மூணாங்கிளாஸ் படிப்பு. ஆறும் ஒம்போதும் எனக்குத் தலைகீழாத்தான் வரும். சில எடத்துல சரியாவும் எழுதியிருப்பேன். எது சரி, எது தப்புன்னு அவருக்குத்தான் தெரியும். சின்ன வயசுல மக்கு அக்கான்னு கேலி பண்ணுவியே, அந்த மக்குதான்டா உன் வலையைக் கிழிச்சுது.

மாமாவுக்கு மிச்சக் கட்டி கரைய கரண்டு வச்சு முடிஞ்சு ஏழு மாசம் ஆவுது. முடி திட்டுத்திட்டா முளைக்குது. யோவ் பாதி தேங்காய்ன்னு கூப்பிட்டா சிரிக்கிறாரு. எடது கை பட்டன் போடாது. வார்த்தை மாறிப் போவுது. டீயை டீசல்ன்றாரு. வலிப்பு வரும்னு டாக்டரு கடலுக்குப் போவக்கூடாதுன்னுட்டாரு. அது போவட்டும். கரையில வலை பின்னவாவது கூப்பிடுவாங்கன்னு பார்த்தேன். மூளையை வெட்டின ஆளு, கிட்ட சேர்க்காதீங்கன்னு நீ சொல்லிட்டுப் போனியாமே. இன்னி வரைக்கும் ஒருத்தரும் கூப்பிடல. தெனம் காலைல சட்டை போட்டுக்கினு வாசல்ல நிக்கிறாரு.

உன் சீட்டை அடுப்புல போடத்தான் எடுத்தேன். பார்த்துட்டு படிக்கச் சொன்னாரு. நீ பண்ணதை ரெண்டு தரம் சொல்லியிருக்கேன், மறுநாளே மறந்துடுவாரு. மச்சான் வலை கிழிஞ்சுதா, பாவம், சொல்லி அனுப்புன்னு, நோட்டுல இருந்த பத்து பாயிண்டையும் கண்ணை மூடிக்கினு சொன்னாரு. என் பேரு சில நாளு அவருக்கு வராது. அந்த நம்பரு ஒண்ணுகூட தப்பல.

கீர்த்தியை விட்டு புது நோட்டுல எழுதி வச்சிருக்கேன். ஆறு ஆறாவே கீது. ஆனா அனுப்ப மாட்டேன். அவரு மறந்துட்டாரு, நான் மறக்கல. நீ நேர்ல வரணும். கரையில நாலு பேரு பார்க்க அவரைக் கையைப் புடிச்சி வலை பின்ற எடத்துக்கு இட்டுக்கினு போவணும். வா மச்சான், டீசல் குடின்னு ஆசையா கூப்பிடுவாரு. அவரு மூஞ்சியைப் பார்த்துக்கினே அந்த டீயை முழுசா குடி. அப்புறம் புது நோட்டைக் கேளு. உன் தொண்டையில எறங்குதான்னு நான் பாக்குறேன்.

அடுத்த மாசம் திரும்பவும் ஸ்கேன் எடுக்கணுமாம். அதுக்குள்ள வாடா. மச்சான் எங்கன்னு தெனம் கேக்குறாரு, எனக்குப் பொய் தீர்ந்துபோச்சு.

நீ நல்லா இருக்கணும். நீ வர்ற வரைக்கும் கடல்ல கீற கல்லுங்களும் நல்லா இருக்கணும்.

உன் மக்கு அக்கா,
புஷ்பவல்லி