தம்பியின் கெண்டைக்கால்

அக்டோபர் 6, திங்கள்

விடாத மழை. சூரியநெல்லி பஜார் முழுக்கச் சேறு. போட்டிக்கு இன்னும் ஆறு நாள்.

காலை: முட்டை வெள்ளை 8, ஓட்ஸ் ஒரு கப். மதியம்: வேகவைத்த கோழி நெஞ்சு, வெள்ளரிக்காய். உப்பு இன்றோடு நிறுத்தம். மனைவி ரெஜினா தட்டை எட்டிப் பார்த்து, "இத நாய்க்கு வச்சா அது நம்ம மூஞ்சியத்தான் பாக்கும்" என்றாள். இந்த வருடம்தான் கடைசி என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். முப்பத்தொன்று ஆகிவிட்டது. மாவட்டப் போட்டியில் எழுபது கிலோ பிரிவில் முதலிடம் வந்தால் ஸ்டேட் செலக்‌ஷன். வராவிட்டால் கட்டிலுக்கு அடியில் டம்பெல்லைத் தள்ளிவிட்டு, டீ ஃபேக்டரி ஃபிட்டராக மட்டும் காலத்தை ஓட்ட வேண்டியது.

ஷிஃப்ட் முடிந்து ஜிம். ஷாஜி மாஸ்டர் என்னையும் தம்பி சார்லஸையும் கண்ணாடி முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். குனிந்து அவன் கெண்டைக்காலைத் தட்டிப் பார்த்தார், சந்தையில் மாடு பிடிப்பவர்போல.

"இது காசு கொடுத்தா கிட்டாது மோனே. ஜெனடிக்ஸ்."

பிறகு என் காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் சதை, அதற்குக் கீழே வெறும் குழாய்.

"ஆல்பர்ட்டே, நீ ஹார்ட் வொர்க்கர்."

இந்தப் பட்டத்தை ஒன்பது வருடமாகக் கேட்கிறேன். தோற்றவனுக்குக் கொடுக்கும் கப்பு இது.

நான்: ஒன்பது வருடம். வாரம் ஆறு நாள். கல்யாணத்தன்றுகூடக் காலையில் ஜிம்.
அவன்: பத்து மாதம். அதுவும் நான் இழுத்துப்போய்ச் சேர்த்துவிட்டது.

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அவனும் எழுபது கிலோவில்தான் நிற்கிறான்.

அக்டோபர் 8, புதன்

மழை. மூடுபனி. ஃபேக்டரியில் ரோலர் பெல்ட் அறுந்து இரண்டு மணி நேரம் போச்சு.

ஜிம்மில் உள்ள எடை மெஷின் துருப்பிடித்து ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்கிறது. அதனால் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போனேன். அங்கே டிஜிட்டல் தராசு. யாரும் இல்லாத நேரம். சட்டையைக் கழற்றி ஏறினேன். 68.9. அந்தத் தராசு சாக்கு எடைக்கென்று ஒரு கிலோ முன்கூட்டியே கழித்துவிடும். எஸ்டேட்டில் பிறந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா. 68.9 + 1 = 69.9. சரியாக எழுபதுக்குள்.

சந்தோஷம். இனித் தண்ணீரை ரொம்பக் குறைக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்தால் அம்மா கணக்குப்பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தாள். கொழுந்து எடுத்து ஊறிப்போன கை, சேலையைப் பிழிந்துகொண்டே திட்டு. ஏதோ எடை, ஏதோ பிடித்தம். முப்பது வருடமாக உள்ளதுதான். நான் கதவைச் சாத்திக்கொண்டு போஸ் பழகினேன்.

அக்டோபர் 10, வெள்ளி

தலைவலி. உப்பில்லாத நாக்கு செத்துப்போன மாதிரி.

பஜார் ஹோட்டலில் சார்லஸ் பரோட்டாவும் பீஃபும் தின்றுகொண்டிருந்தான். நாலு பரோட்டா. நான் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு இலையை மறைக்கக்கூட இல்லை.

"வாண்ணே. ஒண்ணே ஒண்ணு."

"நாளன்னிக்குப் போட்டில."

"கொழுந்து இப்பம் மல மாதிரி வருதுண்ணே. திங்காம சாக்கு தூக்க முடியாது."

அவனுக்கு எஸ்டேட்டில் சாக்கு தூக்கும் வேலை. பெண்கள் எடுத்த கொழுந்தை மூட்டை கட்டி மலைச்சரிவில் ரோட்டுக்கு ஏற்ற வேண்டும். எப்போது பார்த்தாலும் அந்தச் சாக்கைச் சொல்லியே தின்கிறான்.

கல்லாவில் இருந்தவர் வேறு: "அவன் ஒங்க தாத்தால்லா! ரெண்டு மூட்டய ஒண்ணா ஏத்துவாராம். ரத்தத்துல ஓடுது."

அப்படியானால் என் உடம்பில் ஓடுவது என்ன, தேயிலைச் சாயமா? அதே அப்பா, அதே அம்மா, அதே கோணல் பல். கால் மட்டும் அவனுக்கு. கடவுளுக்குக் கணக்கு தெரியாது. இதை எழுதியதற்கு ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதான் போட்டி. செய்ய முடியாது.

அக்டோபர் 12, ஞாயிறு

அடிமாலி. வெயில், பல நாள் கழித்து.

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், மறக்கக் கூடாது.

காலை எடை. வரிசையில் ஜட்டியோடு நாற்பது பேர். சார்லஸ் 69.4. என் முறை. மெஷினைப் பார்த்துவிட்டு அந்த ஆள் பேனாவைக் காதில் சொருகினான்.

"எழுபத்தொண்ணு எண்ணூறு. மாறி நில்க்கு."

ஒதுங்கி நிற்க வேண்டுமாம். இன்னொரு தடவை ஏறினேன். எழுபத்தொண்ணு எண்ணூறு. மெஷின் தப்பு என்றேன். அவன் எனக்குப் பின்னால் நின்றவனைக் கூப்பிட்டான்.

ஒரு மணி நேரம் தந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஓடினேன். பிளாஸ்டிக் டம்ளரில் துப்பினேன். காய்கறிக் கடைக்காரிகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எழுநூறு கிராம்தான் இறங்கியது. எழுபத்தைந்து கிலோ பிரிவில் தள்ளிவிட்டார்கள்.

அங்கே ஏழு பேர். நான் ஆறாவது. ஏழாவது ஆளுக்குக் காய்ச்சல்.

எழுபது கிலோவில் முதலிடம் சார்லஸ். அவன் திரும்பி நின்று குதிகாலைத் தூக்கியபோது ஹாலே கத்தியது. மைக்கில் ஒருவன், "காலு நோக்கு, காலு! காட்ஸ் கிஃப்ட்!" ஷாஜி மாஸ்டர் அழுதார். எனக்காக அவர் அழுததே இல்லை.

திரும்பும்போது ஜீப்பில் நாங்கள் இருவரும் டிரைவரும். பூசிய கறுப்புச் சாயம் இருவர் கழுத்திலும் வழிந்துகொண்டிருந்தது. என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"ஒனக்கு அது சும்மா கெடச்சதுல. தாத்தா குடுத்தது. நீ சம்பாதிக்கல."

தேவிகுளம் வரை அவன் கழுத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். தாலுக்கா ஆபீஸ் தாண்டியதும் கப்பைக் காலுக்குக் கீழே வைத்தான்.

"தாத்தா போட்டோ அம்மா பொட்டில இருக்கு. எடுத்துப் பாரு. காலு ரெண்டும் குச்சி. பதினோரு வருசமா அந்தச் சரிவுல சாக்கு ஏத்துதேன்ணே. ஒரு நாளைக்கிப் பதினஞ்சு நட. நீ ஜிம்முல நாலு செட்டு போடுவ, ஒண்ணு ரெண்டுன்னு மாஸ்டரு பக்கத்துல நின்னு எண்ணுவாரு. என் நடய எவன் எண்ணுனான்?"

டிரைவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

இப்போதும் சொல்கிறேன். இந்த எஸ்டேட்டில் சாக்கு தூக்குகிறவர்கள் இருபது பேர். அத்தனை பேருக்குமா அந்தக் கால்? ஜீன்தான். ஜீன் இல்லாமல் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

மறுபடி மழை. ஃபேக்டரிக்கு லீவ் சொன்னேன். உப்புப் போட்டுக் கஞ்சி குடித்தேன்.

அம்மா கேட்டாள், போட்டிக்கு முன்னால் எங்கே எடை பார்த்தாய் என்று. சொன்னேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அடப் பாவி. மழ தொடங்குனதும் தண்ணிக்குன்னு இன்னும் ரெண்டு கிலோ சேத்துப் புடிக்கானுவ. மொத்தம் மூணு. அத்தன நாளா நான் கத்துனது ஒன் காதுல ஏறலியா?"

ஏறவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு போஸ் பழகிக்கொண்டிருந்தேன்.

கொட்டகைக்கு ஓடினேன். யாரும் ஏறாத தராசில் சிவப்பு எழுத்து: மைனஸ் 3.0. பட்டப்பகலில், எல்லாரும் பார்க்கும்படி. புதன்கிழமை நான் பார்த்தது என் வயிற்றை மட்டும்தான்.

கணக்குப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "மூணு கிலோ தண்ணியாடா இருக்கும் அந்தச் சாக்குல?" என்றேன். அவர் பதறிப்போய், "மேலருந்து சொன்னது, நான் என்னத்தச் செய்ய" என்றார். நிறுக்க வரிசையில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். அதில் ஒருத்தி: "ஏ ஆல்பர்ட்டு, இத்தன வருசம் இந்த வாய எங்க வச்சிருந்த?"

பிடித்த கையை விட்டுவிட்டேன்.

அம்மா வீட்டில் சொன்னது: "ஒனக்கு ஒரு நாளுதான் போச்சு." சொல்லிவிட்டு முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 17, வெள்ளி

பல்சக்கரம் மாற்றினேன். கட்டைவிரலில் காயம்.

சார்லஸ் ஸ்டேட் செலக்‌ஷனுக்குப் போகவில்லையாம்! நாலு நாள் லீவ் வேண்டும். கொழுந்து மலையாக வரும் நேரம், பகரம் ஆள் கொண்டுவந்தால் போ என்றுவிட்டார் சூப்பர்வைசர். பதிலுக்குச் சாக்கு தூக்க எவன் வருவான்?

அவன் அதைச் சொல்லிவிட்டுச் சாதாரணமாகச் சோறு தின்கிறான். குழம்பு ஊற்றிக்கொள்கிறான். நான் ஒன்பது வருடம் எதற்கு வேகவைத்த கோழியைத் தின்றேனோ அதை இவன் குழம்போடு சேர்த்துப் பிசைகிறான். தட்டைப் பிடுங்கி எறியலாம்போல் வந்தது.

"நான் தூக்குதேன்" என்றேன்.

"நீயா?"

"ஏன், என் தோளு தகரமா? பதினஞ்சு நடதானல. நூத்தி நாப்பது கிலோ ஸ்குவாட் அடிக்கவன் நான்."

ரெஜினா சிரித்துவிட்டு, சிரித்ததை இருமலாக மாற்றினாள்.

பாசம் ஒன்றும் இல்லை. இதை எழுதி வைக்கிறேன். நாலு நாள் தூக்கிக் காட்டுவேன். சாக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை, எல்லாம் ஜீன்தான் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்வேன்.

அக்டோபர் 23, வியாழன்

தூறல். சார்லஸ் விடியற்காலை பஸ்ஸில் போனான். கிளம்பும்போது அவனுடைய தலைச்சும்மாட்டுத் துணியை என் கையில் கொடுத்தான். துவைத்திருந்தான்.

கொழுந்து நனைந்து கல்லாக இருக்கிறது. முதல் நடை: பரவாயில்லை. இரண்டாவது: மூச்சு. மூன்றாவது: தொடை ஒன்றும் சொல்லவில்லை, கெண்டைக்கால் நடுங்கியது. சரிவில் குதிகால் தரையில் படவே படாது. ஒவ்வொரு அடியும் நுனிக்காலில் ஏற வேண்டும், தலையில் மூட்டையோடு. கீழே வழுக்கும் சேறு. மெஷினில் பத்து முறை ஏற்றி இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கிற வேலை இல்லை இது. வரப்பு முடியும் வரை நிற்க இடமில்லை, பின்னால் இன்னொரு ஆள் வருகிறான்.

ஐந்தாவது நடையில் வளைவில் மூட்டையோடு உட்கார்ந்துவிட்டேன்.

மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்: "மிஸ்டர் சூரியநெல்லி ஒக்காந்துட்டாரு!" "ஏட்டி, சும்மா இரு. அவரு போஸ் குடுக்காரு."

அம்மாவும் அந்த வரிசையில்தான். அவள் சிரிக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பது நடை. மீதி ஆறை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதற்காக எவனும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் வேறு.

அக்டோபர் 24, வெள்ளி

மழை இல்லை. அட்டைக் கடி ஏழு இடத்தில். பதினொரு நடை.

சார்லஸ் போன் செய்தான். முதல் சுற்று தாண்டிவிட்டானாம். நான் "ம்" என்றேன். "எத்தன நட ஏத்துனண்ணே?" என்று கேட்டான். பதினைந்து என்று சொல்லிவிட்டேன். "அப்படியா" என்றான். நம்பவில்லை. நம்பாததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

சாயங்காலம் வீட்டுப் படியில் உட்காரும்போது இரண்டு காலும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டது. கத்திவிட்டேன். ரெஜினா ஓடிவந்தாள். அம்மா அவளை விலக்கிவிட்டு, தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து காலடியில் உட்கார்ந்தாள். எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஒங்கப்பா செத்த வருசம் தம்பி இப்படித்தான் கெடந்தான். பிளஸ் டூ முடிச்ச கையோட சாக்குக்குப் போனாம்லா. நீ ஐடிஐ ஹாஸ்டல்ல இருந்த. அவன் வலி தாங்காம தலாணியக் கடிப்பான். அண்ணனுக்கு ஒரு போன் போடட்டாலன்னு கேட்டா, வேண்டவே வேண்டாம்பான். 'அண்ணனுக்குத் தெரிஞ்சா படிப்ப விட்டுட்டு ஓடி வந்துரும்'பான்."

அம்மா அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். வந்திருக்க மாட்டேன்.